படகை ஊறவைத்த கோடை

எங்கள் படகுப் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். இழைப்பது, பூசுவது, வார்னிஷ் அடிப்பது எல்லாம் நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை. கைவேலையைக் கை கற்றுக்கொள்ளும். இத்தனை வருஷத்தில் நான் ஒழுங்காகச் செய்த வேலை என்று ஒன்று உண்டென்றால் அது பயப்படுவதுதான். அதைப் பற்றி எழுதுகிறேன்.

சிரிக்க வேண்டாம். ஊரப்பாக்கத்தில் வீட்டைப் பூட்டி, ஸ்டேஷன் வரை நடந்து, பூட்டினோமா என்று திரும்பிப் போய் இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடிக்கிறவன் நான். என் வீட்டுக்காரி அதற்கும் சேர்த்தே என்னைச் சீக்கிரமாகக் கிளப்பிவிடுவாள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனதால் எந்த வேலையைக் கையில் கொடுத்தாலும், படித்தவனாக இருந்தால் இதற்கு ஒரு வழி தெரிந்திருக்குமே என்று பயம் வந்துவிடும். அந்தப் பயத்தோடுதான் முப்பது வருஷம் மரப்படகு பார்த்தேன். ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை.

கீழ்க்கட்டளைப் பட்டறையில் எனக்கு மேலே ஒரு மேஸ்திரி இருந்தார். என் முகத்தைப் பார்த்தாலே அவருக்குச் சிரிப்பு வரும். ஒருநாள் சொன்னார்:

“பயப்படுடா கன்னியப்பா, வேணாம்னு சொல்லல. ஆனா வரிசையா பயப்படு. மொதல்ல எங்க ஒழுவுதுன்னு பாரு. அப்பால எவ்ளோ ஒழுவுதுன்னு பாரு. அதுக்கப்புறமும் பயம் மிச்சம் கீதுன்னா, உக்காந்து பயப்படு.”

அவர் சொன்ன இன்னொரு விஷயமும் இந்தக் கதைக்கு வேண்டும். மரப்படகு தண்ணீரை விட்டு வெளியே இருந்தால் பலகை காய்ந்து சுருங்கும். இரண்டு பலகைக்கு நடுவில் இடுக்கு விழும். ஒரு கோடையில் மேஸ்திரி அந்த இடுக்குகளில் கல் மாதிரி இறுகுகிற பசையைப் போட்டு அடைத்திருக்கிறார். பார்க்க ரொம்ப அழகாக இருந்ததாம். படகைத் தண்ணீரில் விட்டதும் பலகைகள் ஊறிப் பருத்தன. விரிய இடம் இல்லை. ஒன்றை ஒன்று நெட்டித் தள்ளி, உள்ளே வளைத்து வைத்திருந்த விலாச் சட்டங்கள் பட்பட்டென்று முறிந்துவிட்டன. “அழகா செத்துச்சுடா” என்பார். காய்ந்த படகை அடைக்கக் கூடாது, ஊறவைக்க வேண்டும். இடுக்கில் மெத்தென்று பஞ்சு இருந்தால் போதும். மிச்சத்தைப் பலகை பார்த்துக்கொள்ளும்.

கேட்க எளிதாக இருக்கிறது. கிழக்குத் தாம்பரத்தில், தண்ணீரே இல்லாத ஒரு கோடையில், இதைச் செய்து பார்த்தால் தெரியும்.

அந்தப் படகு டெய்சி டீச்சருடையது. பூகோளம் நடத்தியவர். ஓய்வு பெற்றபோது வீட்டில் எல்லாரும் வளையல் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அவர் ஒரு கிளப்பில் கழித்துக் கட்டிய பாய்மரப் படகை வாங்கி வந்தார். பதினான்கு அடி, முழுக்கத் தேக்கு, செம்பு ஆணி, ஒற்றைப் பாய்மரம். ‘ரூத்’ என்று பெயர் வைத்து, போர்ட்டிகோவில் கட்டைகள் மேல் நிறுத்தினார். கல்லூரிக் காலத்தில் கற்ற வித்தையை மறக்காமல், மாதம் ஒருமுறை முட்டுக்காட்டு உப்பங்கழிக்கு ஏற்றிப்போய் ஓட்டிவிட்டு வருவார். தெருவில் அதற்கு ‘டீச்சர் கப்பல்’ என்று பெயர். கப்பல் வெளியே கிளம்பினால் மழை வரும் என்று கூட ஒரு பேச்சு இருந்தது.

அப்புறம் டீச்சருக்கு முட்டி ஆபரேஷன் ஆனது. இரண்டு வருஷம் படகு போர்ட்டிகோவை விட்டு நகரவில்லை. அவர் மகன் ஜெபராஜ் புதிதாகக் கார் வாங்கினான். கார் வெயிலில், படகு நிழலில். எந்தப் பிள்ளைக்குத்தான் பொறுக்கும்?

ஒருநாள் டீச்சர் போன் செய்து என்னை வரச்சொன்னார். போனால், கடற்கரைச் சாலையில் இருக்கிற ஏதோ ஒரு ரிசார்ட்டிலிருந்து ஒரு மேனேஜர் வந்து படகைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கிளாசிக் லுக் மேடம். அப்படியே நடுவுல கட் பண்ணி, உள்ள ஐஸ் கொட்டி, ஒரு பக்கம் சாலட், ஒரு பக்கம் மீன் வெச்சா, பஃபேவே தூக்கிடும்.”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். வகுப்பில் அவர் கண்ணாடியைக் கழற்றினால் பிள்ளைகள் மூச்சு விட மாட்டார்களாம்.

“எதை நடுவுல கட் பண்றது?”

“மா, டென்ஷன் ஆகாதே” என்றான் ஜெபராஜ். “நீ இனிமே இதுல ஏறப் போறியா? இந்த முட்டிய வெச்சுக்கிட்டு?”

“முட்டி மடங்காதுதான். படகுல உக்காந்தா எதுக்குடா மடக்கணும்? என் படகுல வெள்ளரிக்காய் அடுக்கறதுக்கு நான் இன்னும் சாகலை.”

“அதான்மா என் பயமே. நடுத் தண்ணில படகு முங்கிப்போச்சுன்னா உன்னை யாரு தூக்கறது?” அவன் குரல் லேசாக இறங்கியது. காருக்காக மட்டும் அவன் பேசவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பயந்த ஆளுக்குப் பயந்த ஆளைத் தெரியும்.

கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆனது. வருகிற மாதக் கடைசி ஞாயிறு, சர்ச் முடிந்து, முட்டுக்காட்டில் படகை இறக்க வேண்டும். இறக்கியதும் டீச்சர் பாய் விரித்துக் கழிப் பாலம் வரை போய்த் திரும்ப வேண்டும். தண்ணீர் ஏறி நடுவில் இறங்க வேண்டி வந்தாலோ, கரைக்கு இழுத்துப் போட வேண்டி வந்தாலோ, படகு மேனேஜருக்கு. இல்லையென்றால் அதைப் பற்றி இனி வாய் திறப்பதில்லை.

“முடியுமா கன்னியப்பா?” என்று டீச்சர் கேட்டார்.

நான் படகுக்கு உள்ளே தலையை விட்டுப் பார்த்தேன். அடியில் பலகைக்குப் பலகை வெளிச்சக் கோடு. ஒரு கோட்டின் வழியாக மேனேஜரின் ஷூ தெரிந்தது. பழைய பஞ்சு காய்ந்து, எலி வால் மாதிரித் தொங்கியது.

“பார்க்கலாம் டீச்சர்” என்றேன். இந்தத் தொழிலில் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

சாதாரணமாக என்ன செய்வோம்? காய்ந்த படகைக் கழியில் இறக்கி, முங்கட்டும் என்று ஓரமாகக் கட்டிப்போட்டு, ஓரிரு நாள் காவல் இருப்போம். ஊறியதும் தண்ணீரை இறைத்தால் கிண்ணென்று நிற்கும். இங்கே அது ஆகாது. இறக்கியதும் மிதக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆகவே வீட்டிலேயே ஊறவைக்க வேண்டும். பஞ்சு மாற்றி அடித்து, படகுக்குள் தண்ணீர் ஊற்றி, மேல் பலகைகளுக்கு ஈரச் சாக்கைப் போர்த்த வேண்டும்.

தண்ணீருக்கு எங்கே போவது? அந்த வருஷத்து வறட்சி உங்களில் சிலருக்குச் சின்ன வயதில் பார்த்த ஞாபகம் இருக்கலாம். கிணறுகளில் செருப்பு தெரிந்தது. போர் போட்டவன் வீட்டில் காற்று வந்தது. தெருவுக்கு லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால், சமைத்துக்கொண்டிருந்தவள் அடுப்பை அப்படியே விட்டு ஓடிவருவாள். பிளாஸ்டிக் குடங்கள் கயிற்றில் கோத்தபடி நாள் முழுக்க வரிசையில் நிற்கும். மனிதர்கள் மட்டும் வீட்டுக்குப் போய் வருவார்கள்.

இந்த நிலைமையில், நான் பஞ்சு மாற்றி முடித்ததும், டீச்சர் ஒரு தனியார் தண்ணீர் லாரிக்குச் சொல்லிவிட்டார். படகுக்காக.

லாரி திரும்பிய சத்தத்திலேயே தெரு கூடிவிட்டது. எதிர்வீட்டு மல்லிகா அக்கா இரண்டு இடுப்பிலும் குடத்தோடு முதல் ஆளாக வந்தார். அந்தத் தெருவின் தண்ணீர் வரிசைக்கு அவர்தான் நீதிபதி, போலீஸ், எல்லாம்.

“எங்களுக்கு வந்த லாரியா டீச்சர்?”

டீச்சருக்குப் பொய் வராது. “இல்ல மல்லிகா. படகுக்கு.”

“எதுக்கு?”

“படகை ஊறவைக்கணும். உள்ள தண்ணி ஊத்தி…”

மல்லிகா அக்கா குடங்களைக் கீழே வைத்தார். அதற்குத்தான் நான் பயந்தேன். அவர் குடத்தைக் கீழே வைத்தால் வாய் திறக்கப் போகிறார் என்று அர்த்தம்.

“இன்னா டீச்சர் பேசறீங்கோ? நாங்க கொடத்த தூக்கினு தெருத்தெருவா பேஜாராயி அலையறோம். வூட்ல புள்ள மொகம் கய்வ தண்ணி இல்ல. நீங்க இன்னாடான்னா கட்டைக்குத் தண்ணி காட்டினு கீறீங்கோ! கட்ட இன்னா, தாகமா கீதுன்னு உங்களாண்ட வந்து சொல்லிச்சா?”

கூட்டம் சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. முகம் சுருங்கிவிட்டது. என்னைத் தனியே இழுத்தார்.

“அவ சொல்றது நியாயம்தானே கன்னியப்பா? நான் யோசிக்கவே இல்லை பாரு. தண்ணியத் தெருவுக்கு ஊத்தச் சொல்லிடு. படகை… அந்த மேனேஜருக்கு போன் பண்ணிடலாம்.”

பாய்மரத்தின் மேல் ஒருதரம் கையை வைத்தார், எடுத்துக்கொண்டார். நியாயம் ஒரு பக்கமும் நமக்குப் பிடித்தவர் ஒரு பக்கமும் நின்றால் என்னைப் போன்றவனுக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும்.

இங்கே நாங்கள் நியாயம் பேசிக்கொண்டிருக்க, லாரி டிரைவருக்கு அடுத்த தெருவுக்குப் போகிற அவசரம். யார் பேச்சையும் கேட்காமல் குழாயை இழுத்துப் படகுக்குள் போட்டு வால்வைத் திறந்துவிட்டான்.

“டேய்! நிறுத்து! ஒரு சாண் உயரத்துக்குத்தான்!” என்று கத்தினேன்.

“எங்க ஊத்துனா இன்னா நைனா, தண்ணிதானே?”

தண்ணீர் சரசரவென்று ஏறியது. இடுக்குகள் எல்லாவற்றிலும் பீய்ச்சியது. சல்லடையைத் தூக்கிப் பிடித்த மாதிரி. தெருவே “ஐயோ போவுதே, அடைங்க, அடைங்க!” என்று அலறியது. அடைக்கச் சொல்லித்தான் எல்லாரும் கத்தினார்கள். எனக்கும் கை துணியைத் தேடியது. அப்போது படகின் அடியிலிருந்து ‘மடக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

இதைக் கவனித்துக் கேளுங்கள். படகு வெளியே இருந்து தண்ணீர் அழுத்துவதைத் தாங்கக் கட்டியது. தரையில் வைத்து உள்ளே நிரப்பினால் எல்லாம் தலைகீழ். பாரம் முழுக்கப் பலகைகளை வெளியே தள்ளும், பிடித்துக்கொள்ள வெளியே ஒன்றும் கிடையாது. ஒழுகுவதைப் பார்த்துத் தெரு பயந்தது. ஒழுகியது போதவில்லையே என்று நான் பயந்தேன். குனிந்து ஊர்ந்துபோய், அடியில் தண்ணீர் வடிக்கிற துளையின் மர அடைப்பானைப் பிடுங்கி எறிந்தேன்.

தண்ணீர் கைத்தடிப் பருமனில் கொட்டியது. தெரு என்னைச் சபித்தது. “இருக்கிறதையும் தொறந்து வுட்டாம்பா! பைத்தியம்பா இவன்!”

மல்லிகா அக்கா மட்டும் குடத்தைத் தூக்கி, அந்தக் கொட்டுகிற தண்ணீருக்குக் கீழே வைத்தார். நிறைந்ததும் அடுத்த குடம். அப்புறம் திரும்பிப் பார்த்தார்.

“இன்னா வேடிக்க? கொடத்த எடுத்தாங்க!”

டிரைவர் ஒருவழியாக வால்வை மூடினான். உள்ளே தண்ணீர் ஒரு சாண் உயரத்துக்கு இறங்கியதும் நான் அடைப்பானைத் திரும்ப அடித்தேன். ஆனால் இடுக்குகள் நிற்கவில்லை. இடத்துக்கு ஒரு நூலாக ஒழுகிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு நூலுக்குக் கீழேயும் ஒரு குடம் வந்து உட்கார்ந்துவிட்டது. போர்ட்டிகோ முழுக்கக் குடம். பச்சை, ஆரஞ்சு, நீலம். நடுவில் ‘ரூத்’ கறவை மாடு மாதிரி நின்றது.

“இது எப்போ நிக்கும் அண்ணாத்த?” என்று மல்லிகா அக்கா கேட்டார்.

“பலகை ஊற ஊறத் தானா நிக்கும்கா. நாலஞ்சு நாள் ஆவும்.”

“அதுவரைக்கும் ஊத்தறது எல்லாம் ஒழுவித்தானே ஆவணும்?”

“ஆமாங்கா.”

“அப்போ ஊத்துங்க டீச்சர்” என்றார். “படகு குடிச்சது போவ மீதி எங்களுது. குடிக்க ஆவாது, துணி அலச ஆவுமில்ல? நாங்களும் லாரிக்குப் போட்டுக்கறோம். இந்த இடுக்கு என் பங்கு. யாரும் கை வெக்கக் கூடாது.”

அப்படித்தான் ஆளுக்கு ஒரு இடுக்கு ஆயிற்று. அடுத்தடுத்து வந்த லாரிகள் எல்லாம் முதலில் படகில் ஊற்றி, படகு வழியாகத் தெருவுக்கு வந்தன. நான் தினமும் காலையில் போய் உள்ளே எட்டிப் பார்ப்பேன். ஒரு சாணுக்கு மேல் போகாமல் காவல். மல்லிகா அக்கா குடங்களுக்குக் காவல். அவருக்கும் எனக்கும் சண்டையே வரவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே வேலை.

மூன்றாம் நாள் சண்டை வேறு பக்கத்திலிருந்து கிளம்பியது. பலகைகள் ஊற ஆரம்பித்துவிட்டன. இடது பக்கம் முதலில் நின்றது. அந்தப் பக்கத்துப் பங்காளிகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“அது எப்படி எங்க பக்கம் மட்டும் நிக்கும்? நீ ஏதோ வெச்சு அடைச்சிட்டே.”

“நிக்கணும்னுதான்கா இத்தனையும் செய்யறோம்.”

“எல்லாம் ஒண்ணா நிக்கணும், இல்ல ஒண்ணா ஒழுவணும். இதுல பாரபட்சம் காட்டக் கூடாது.”

என் தொழிலில் ஒழுகல் நின்றதற்காக வசவு வாங்கியது அந்த ஒரு தடவைதான்.

பக்கத்து வீட்டு நாதன் சார்தான் ரொம்ப நொந்துபோனார். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பங்கு வலது பக்கம், பின்னால், கீழேயிருந்து மூன்றாவது பலகை. அது நின்றுபோனதும் காலிக் குடத்தோடு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

“வீட்ல போய் என்னன்னு சொல்வேன் கன்னியப்பா? எதிர்வீட்ல ரெண்டு கொடம் வந்துச்சாம், நீங்க என்னத்த புடிச்சீங்கன்னு கேப்பாங்க.”

“சாருக்கு ராசி இல்ல” என்றார் மல்லிகா அக்கா. “ரயிலுக்குக் கொடி காட்டுன மாதிரி காட்டிப் பாருங்க சார், வரும்.”

மறுநாள் காலையில் நாதன் சாரின் பங்கு நூல் பிடித்த மாதிரி மறுபடி ஒழுகியது. ஊறுகிற மரம் சில நேரம் அப்படி மனம் மாறும். நான் ஒரு நாள் பார்த்தேன், மெல்ல நின்றது. சனிக்கிழமை மாலை கையால் தடவித் தடவிப் பார்த்தேன். எல்லாப் பலகையும் ஒன்றோடொன்று தோள் சேர்ந்து நின்றன. எங்கும் ஒரு சொட்டு இல்லை. ராத்திரி காயாமல் இருக்க உள்ளே கொஞ்சம் தண்ணீரை விட்டுவைத்து, வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை கிளம்பியபோது பூட்டைத் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை என்று என் வீட்டுக்காரி இன்றைக்கும் சொல்வாள்.

ஞாயிறு காலை தண்ணீரை வடித்து, ஈரச் சாக்கோடு படகை மினி லாரியில் ஏற்றினோம். டீச்சர் சர்ச் புடவையோடு தொப்பி போட்டுக்கொண்டார். மல்லிகா அக்கா “எங்க தண்ணி குடிச்ச படகு, நாங்க பாக்க வாணாவா?” என்று ஏறிக்கொண்டார். யாரும் கூப்பிடாமல் நாதன் சாரும் ஏறினார். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு வண்டி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

முட்டுக்காட்டில் கடல் காற்று எழும்ப ஆரம்பித்திருந்தது. ஜெபராஜ் காரில் முன்னாலேயே வந்து கை கட்டி நின்றான். மேனேஜர் கையில் டேப். இறக்குவதற்கு முன்னால் படகின் நடுவை அளந்து, சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். டீச்சர் தொப்பியைக் கழற்றி, அதாலேயே கோட்டைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

இறக்கினோம். மிதந்தது. டீச்சர் ஏறி உட்கார்ந்து, ஆபரேஷன் ஆன காலை நேராக நீட்டிக்கொண்டார். உள்ளே கூழாங்கல் மாதிரிக் காய்ந்து கிடந்தது. நான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று படகைப் பிடித்திருந்தேன். பாய்க் கயிற்றை அவிழ்க்கக் கை வைத்தேன். அப்போது வலது பக்கத்தில், பின்னால், ஒரு ஈரம் ஊர்ந்து வருவது தெரிந்தது. ஒரு கை அகலம். அப்புறம் இரண்டு கை அகலம்.

கரையில் ஜெபராஜ் நிமிர்ந்து பார்த்தான். “என்ன கன்னியப்பா, தண்ணியா?”

மேலே இழுத்தால் படகு போயிற்று. இழுக்காமல் விட்டால் நடுக் கழியில் டீச்சர் போய்விடுவாரோ என்று ஜெபராஜ் பயந்தது எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. இடுப்பில் ஒரு மர ஆப்பு வைத்திருந்தேன். அதை எடுத்து இடுக்கில் அடித்துவிடலாமா என்று கை போனது. அடித்தால் அந்த இடம் நிற்கும், இடுக்கு நீளத்துக்கும் பிளந்துகொள்ளும். மேஸ்திரியின் அழகான சாவு ஞாபகம் வந்தது. வரிசையா பயப்படுடா. எங்கே ஒழுகுகிறது? ஏன் அங்கே மட்டும்?

“கன்னியப்பா…” பின்னால் மெதுவாக ஒரு குரல். நாதன் சார் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி தண்ணீருக்குள் வந்து நின்றார். “கீழேயிருந்து மூணாவது பலகை. கடைசி ஆணிக்கு இந்தப் பக்கம்.”

“உங்களுக்கு எப்படி சார் தெரியும்?”

அவர் கழியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். “நேத்து சாயங்காலம், நீ போனப்புறம்… கடைசி நாளாச்சே, ஒரே ஒரு கொடம்னு… குடைக் கம்பியால லேசா…”

“ரெண்டாவது தடவையா?”

“மூணாவது.”

கரையில் மல்லிகா அக்கா தலையில் அடித்துக்கொண்டார். “அதான் சாருக்கு ராசி திரும்புச்சா! நான்கூட கொடி காட்டித்தான் வந்துச்சுன்னு நெனச்சேன்!”

விரலை விட்டுப் பார்த்தேன். பஞ்சு போன இடம், குடைக் கம்பி அளவு. அவ்வளவுதான். சுற்றிலும் பலகை இறுக்கமாக இருந்தது. எங்கே என்று தெரிந்துவிட்டது, எவ்வளவு என்றும் தெரிந்துவிட்டது. மிச்சம் இருந்த பயத்தைத் தேடிப் பார்த்தேன், நியாயமான அளவுக்குத்தான் இருந்தது. நாதன் சார் தோளில் கிடந்த துண்டின் ஓரத்தைக் கிழித்து, இடுப்பில் செருகியிருந்த மெழுகைத் தேய்த்துத் திரித்து, உள்ளிருந்து மெத்தென்று வைத்தேன். நூல் நின்றது. கையை எடுத்தால் வெளியே வந்துவிடும். யாராவது விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

டீச்சரிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

“ஏறுங்க நாதன் சார்.”

“டீச்சர், எனக்கு நீச்சல் தெரியாது.”

“அப்போ நல்லா அழுத்துவீங்க.”

“மா, இது சீட்டிங்!” என்று ஜெபராஜ் கத்தினான்.

மல்லிகா அக்கா அவன் பக்கம் திரும்பினார். “இன்னா தம்பி சீட்டிங்? படகு ஒழுவல. சார் தொள போட்டாரு, சாரே அடைக்கறாரு. உன் காரு பஞ்சரானா, நடுவுல அறுத்து மீன் வெக்க வுட்ருவியா?”

மேனேஜர் டேப்பை உள்ளே சுருட்டிக்கொண்டார்.

நாதன் சார் ஏறி, படகின் அடியில் குப்புறப் படுக்காத குறையாக மடங்கி, பெருவிரலை வைத்து அழுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார். நான் பாயை அவிழ்த்துவிட்டுத் தள்ளினேன். பாய் ஒருதரம் படபடத்தது, அப்புறம் நிறைந்தது. ‘ரூத்’ ஒரு பக்கமாகச் சாய்ந்து, சத்தமே இல்லாமல் பாலத்தை நோக்கிப் போனது. இரண்டு வருஷம் போர்ட்டிகோவில் காய்ந்த மரம் அது. டீச்சர் சுக்கானைப் பிடித்தபடி பாயின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் யாரும் கரையில் இருக்கிறோம் என்பதே அவருக்கு நினைவில்லை. நாதன் சாரின் குரல் மட்டும் காற்றில் வந்தது: “திரும்பிட்டோமா டீச்சர்? திரும்பிட்டோமா?”

திரும்பியபோது, நான் போவதற்குள் ஜெபராஜ் சர்ச் பேன்ட்டோடு தண்ணீரில் இறங்கிப் படகைப் பிடித்தான். உள்ளே எட்டிப் பார்த்தான். அடியில் ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கலாம். அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

“சார், நீங்க வேற படகு பாத்துக்கோங்க” என்றான், மேனேஜர் பக்கம் திரும்பாமல். அப்புறம், “மா, அடுத்த வாட்டி நானும் வரட்டா?”

“பெருவிரல் பலமா இருக்கா?” என்றார் டீச்சர்.

கார் இன்றைக்கும் வெளியேதான் நிற்கிறது. ‘ரூத்’தின் பழைய பாயை வெட்டித் தைத்து அதற்கு ஒரு போர்வை போட்டுக் கொடுத்தோம். தெருவில் அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், இங்கே எழுத வேண்டாம். பின்னால் நல்ல மழை பெய்தது, குடங்களும் வரிசையை விட்டு வீட்டுக்குப் போயின. ஆனாலும் கோடை வந்தால் மல்லிகா அக்கா கேட்டுக்குப் பக்கத்தில் நின்று விசாரிப்பார்: “டீச்சர், படகு எப்போ ஊறவெக்கறீங்கோ? என் பங்க யாருக்காச்சும் குடுத்துடாதீங்கோ.”

நானும் வருஷா வருஷம் போய்ப் பஞ்சு மாற்றுவேன். எல்லா இடுக்கும் நாலு நாளில் நின்றுவிடும். வலது பக்கம், பின்னால், கீழேயிருந்து மூன்றாவது பலகையில் மட்டும், எத்தனை பஞ்சு வைத்தாலும், எப்போதாவது ஒரு சொட்டு எட்டிப் பார்க்கும். எனக்கு அது பொறுக்காது. ஒரு தடவை படகுக்கு அடியில் மல்லாந்து படுத்து, இந்தப் பலகையையே கழற்றி மாற்றிவிடுகிறேன் என்று டீச்சரிடம் சொன்னேன். டீச்சர் குனிந்து அந்தச் சொட்டைப் பார்த்தார். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் குடையை ஊன்றி நின்றுகொண்டிருந்தவரையும் பார்த்தார்.

“அது நாதன் சார் பங்கு கன்னியப்பா. விட்டுடு.”